ஹாலுக்குள் ஓடிய ஏரிக்கரை

அந்த ஏரி எப்படி இருந்துச்சுன்னு என்கிட்ட வந்து கேக்காதீங்க, பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இந்த ஊர்ல அண்ணா நகர்லேருந்து அடையாறு வரைக்கும் ஷூ மாட்டத் தெரிஞ்ச அத்தனை பேரும் அதைப் பாத்துட்டாங்க, கீழ் வீட்டு பர்வீன் பாத்தா, பால் பாக்கெட் போடுறவரு பாத்தாரு, விழுப்புரத்துலேருந்து பஸ் ஏறி வந்து என் நாத்தனார் பாத்துட்டுப் போனா, பாக்காத ஒரே ஆளு நான்தான், அது இருந்ததோ என் வீட்டு ஹாலுக்குள்ள.

எங்க அப்பார்ட்மெண்டுக்கு லேக் வியூன்னு பேரு. லேக்கும் கெடையாது, வியூவும் கெடையாது. ஒரு காலத்துல இருந்த ஏரிய மண்ணடிச்சுத் தூத்து, அது மேல நாலு மாடி எழுப்பி, தூத்த ஏரியோட பேரையே வச்சு வித்தாங்க, நாங்களும் லோன் போட்டு வாங்கினோம். எங்களுது ரெண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், அதை ஒட்டி ஒரு பால்கனி, உள்ள போனா திரும்பி வர முடியாம பின்னாலேயே நடந்து வர்ற மாதிரி ஒரு சமையக்கட்டு. பின்பக்கம் ஒரு பார்க், அதுல வட்டமா ஒரு செம்மண் பாதை, காலையில சுகர்காரங்களும் தொப்பைக்காரங்களும் சுத்திச் சுத்தி வருவாங்க.

நான் நர்ஸு, ராத்திரி டூட்டி. வார்டுல ஓடிக்கிட்டே இருக்கிற வேலை. என் வீட்டுக்காரரு மதியழகன் தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல இருக்காரு, பகல் பூரா நின்னுக்கிட்டே இருக்கிற வேலை. நான் உள்ள வர்றப்ப அவரு குளிக்கப் போவாரு, அவரு வர்றப்ப நான் செருப்பு மாட்டுவேன், சாப்பாட்டுக்கு உப்பு போதுமா போதாதாங்கிறதையே போன்லதான் பேசிக்குவோம். அப்படியே வருஷம் ஓடிருச்சு. சண்டை எல்லாம் இல்லீங்க, சண்டை போடணும்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கணுமில்ல.

ஒரு மார்கழிக் காலையில டூட்டி முடிஞ்சு வந்து கதவைத் தெறந்தா, பார்க்குல இருக்க வேண்டிய பாதை பார்க்குல இல்ல. அது காம்பவுண்டு சுவர்ல ஏறி, படிக்கட்டு மேல சரிவாப் படுத்து, எங்க வாசப்படியத் தாண்டி, ஹால் மொசைக் மேல ரெண்டு ஆள் அகலத்துக்குச் செம்மண்ணாப் போயி, பெட்ரூமுக்குள்ள நுழைஞ்சு, கட்டிலைச் செவுத்தோரமா ஒதுக்கி, பால்கனி வழியா இறங்கி, அந்தப் பக்கம் மறுபடி பார்க்குலேயே போய்ச் சேந்திருந்துச்சு. ரெண்டாவது மாடியிலேருந்து எப்படி இறங்கும்னு கேட்டா எனக்கென்ன தெரியும், பாதை இருந்துச்சு, இறங்கினாங்க. ஐயோ, இந்த மண்ணை எல்லாம் இப்ப யாரு பெருக்குறதுன்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு.

துடைப்பத்தை எடுத்துக்கிட்டு வர்றேன், வாசல்ல ஒருத்தரு நிக்கிறாரு. வரதராஜுலு சார். பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பார்க்குல நடக்கிறவங்க சங்கத்துக்குத் தலைவரு. கால் பழக்கத்துல பாதையோடவே ஓடி வந்துட்டாரு, ஒரு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறோம்னு தெரிஞ்சதும் கூச்சத்துல உள்ள வரவும் முடியாம திரும்பவும் முடியாம முழிக்கிறாரு. வாசல்ல ஒரு மனுஷன் வந்து நின்னா நாம என்ன சொல்லுவோம்? தூக்கம் கண்ணைச் சொருகுது, ஆனாலும் வாய் தானா சொல்லிருச்சு.

"வாங்க சார், ஏன் வாசல்லயே நிக்கிறீங்க, உள்ள வாங்க."

அவரு ஷூவைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, "மன்னிக்கணும் சிஸ்டர்"னு ஓட ஆரம்பிச்சாரு. ஓட ஆரம்பிச்ச ரெண்டாவது எட்டுலேயே அவர் மூஞ்சி மாறிருச்சு. பால்கனி வழியா இறங்கி, ஒரு சுத்து சுத்தி, மறுபடி வாசலுக்கு வந்து நின்னப்ப அந்த மனுஷன் கண்ணுல தாரை தாரையாத் தண்ணி.

"சிஸ்டர், உங்க வீட்டுக்குள்ள எவ்ளோ பெரிய ஏரி!"

அன்னிக்கு ஆரம்பிச்சது. மறுநாள் அவரு சங்கத்தையே கூட்டிக்கிட்டு வந்தாரு. என்னன்னா, ஓடுனா மட்டும்தான் ஏரி தெரியும். ஓடுறவங்களுக்கு என் ஹால் தெரியாது, ஃபிரிட்ஜு தெரியாது, காலண்டர் தெரியாது, அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் தளும்பத் தளும்பத் தண்ணியும், கரையோரம் பனமரமும், நீர்க்கோழியும், தண்ணி மேல மெல்லப் போற பனியும்தான் தெரியும். நின்னாப் போச்சு. நின்ன இடத்துல பழைய மொசைக்கும், ஈரத்துணி காயிற கொடியும், காதுல தலகாணிய அமுக்கிக்கிட்டுச் சுருண்டு கெடக்கிற நானும்தான்.

ஊரு எதுக்குத்தான் பழகாது? ஒரு வாரத்துல பழகிருச்சு. வீட்டுக்குள்ள ஷூவோட வரக்கூடாதுன்னு யாரும் சொல்லாமலே எல்லாரும் வாசல்ல நின்னு கழட்டி, கையில தூக்கிக்கிட்டு ஓடி, பால்கனிப் பக்கம் இறங்கி மாட்டிக்கிட்டு, அடுத்த சுத்துல மறுபடி வந்து கழட்டினாங்க. சாமி ஷெல்ஃபைத் தாண்டுறப்ப, அது கண்ணுக்குத் தெரியலேன்னாலும், இங்கதான் எங்கேயோ இருக்குன்னு ஒரு கணக்குல கன்னத்துல போட்டுக்கிட்டே ஓடினாங்க. வெள்ளிக்கிழமையில பொம்பளைங்க குங்குமம் கேட்டாங்க. வீடு தேடி வந்தவங்களுக்குத் தண்ணியாவது கொடுக்கணுமேன்னு வாசல்ல ஒரு பானை வச்சேன், அதை ரொப்புறதே ஒரு வேலையாப் போச்சு. படிக்கட்டுல அருகம்புல் ஜூஸு, கம்பங்கூழு, முளைகட்டின பயறுன்னு கடை போட்டாங்க. கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு ஓடிக்கிட்டே எடுத்தாரு, அந்த மாசம் ரீடிங் தப்பு. ஓட்டத்துலேயே யாரோ ரெண்டு குடும்பம் சம்பந்தம் பேசி முடிச்சு எனக்குப் பத்திரிகை வச்சாங்க, பொண்ணு யாரு மாப்பிள்ளை யாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

அப்புறம் எவனோ ஒருத்தன், சென்னையில ஓடுறதுக்கு அழகான இடங்கள்னு வீடியோ போட்டான். மெரினா, பெசன்ட் நகர் பீச்சு, ஏதேதோ பார்க்கு எல்லாம் வரிசையாச் சொல்லிட்டு, எல்லாத்துக்கும் மேல சிஸ்டர் வீட்டு ஹால்னு முடிச்சிருந்தான். கடற்கரைக்குப் போற கூட்டம் பாதி இங்க திரும்பிருச்சு. கார்ல வந்து இறங்கினாங்க. எங்க அப்பார்ட்மெண்டு செக்ரட்டரி பார்க்கிங் பிரச்சினைக்கு என்மேல பாய்ஞ்சாரு, பாய்ஞ்சுட்டு அவரும் ஷூ வாங்கிட்டாரு.

கட்டிலைக் கழட்டிச் செவுத்துல சாச்சாச்சு. சமையக்கட்டுல படுக்கலாம்னா ஃபேன் கெடையாது, காலை நீட்டினா சிலிண்டரு இடிக்கும். அதனால ஹால்லேயே, பாதைக்கும் செவுத்துக்கும் நடுவுல, ஒரு பாய் அகலத்துல படுத்தேன். தலைமாட்டுல தடதடன்னு ஆயிரம் கால். கண்ணை மூடினா தரை அதிருது. ஒரு நாள் என்னையறியாம கால் நீண்டு பாதையில விழுந்திருக்கு, வரதராஜுலு சார் அதைத் தாண்டிட்டாரு, அவரு விரல் பட்டு நான் ஐயோன்னு கத்தினதும் நின்னு, என்னைப் பாத்துப் பதறிட்டாரு.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், எனக்கு நீங்க தாமரை இலையாத் தெரிஞ்சீங்க."

சொல்லிட்டு, படுத்திருக்கிறவங்களைத் தாண்டக் கூடாதில்லையா, தாண்டினது தாண்டினதாவே இருந்தா ஆகாதில்லையா, அதனால மறுபடி இந்தப் பக்கமா என் காலைத் திருப்பித் தாண்டி அதைச் சரி பண்ணிட்டு, ஓரமா சுத்திக்கிட்டுப் போனாரு. நல்ல மனுஷன்தான். எல்லாருமே நல்லவங்கதான், அதுதான் என் கஷ்டமே.

இதுல என் வீட்டுக்காரரு எப்ப சேந்தாருன்னே எனக்குத் தெரியாது. ஒரு நாள் பாத்தா லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வெறுங்கால்ல அவங்களோட அவங்களா ஓடுறாரு. சொந்த வீடுதானே, வாசல்ல நின்னு கழட்டவும் ஒண்ணுமில்ல, வேகம் குறையாம அப்படியே உள்ள நுழைவாரு. பத்து மணி நேரம் நின்னு நின்னு நரம்பு சுருட்டிக்கிட்ட காலு அது. அந்தக் காலு மான் மாதிரி போச்சு. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணமான புதுசுல கூட நான் அதைப் பாத்ததில்ல, பொறாமையா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

குளிச்சிட்டு வந்து தலை துவட்டிக்கிட்டே சொல்லுவாரு. "இன்னிக்குத் தண்ணி கரை வரைக்கும் ஏறியிருக்கு செண்பகம். கரையோரமா ஒரு கல்லு இருக்கு, கறுப்பா, நீட்டமா. தினம் அதைத் தாண்டிப் போறேன்."

"எந்த இடத்துல?"

"பனமரம் ரெண்டு சேந்து நிக்குமே, அதுக்கு முன்னால."

ஹால்ல கணக்குப் போட்டுப் பாத்தேன். டிவி ஸ்டாண்டுக்கும் ஷோகேஸுக்கும் நடுவுல. என் பாய் இருக்கிற இடம்.

"அந்தக் கல்லு எப்படிங்க இருக்கும்?"

"கல்லு எப்படி இருக்கும்? கல்லு மாதிரிதான்." சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. நான் அந்தப் பாய் மேல உக்காந்து ரொம்ப நேரம் அழுதேன். என் தலைமாட்டுல யார் யாரோ ஏரியப் பாத்துக்கிட்டு ஓடினாங்க.

நானும் ஒரு தடவை ஓடிப் பாத்தேங்க. எல்லாரும் சொல்றாங்களே, "ஒரே ஒரு சுத்து ஓடுங்க சிஸ்டர், எல்லாக் களைப்பும் போயிரும்"னு. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு நாலு எட்டு ஓடினேன். எனக்கு ஏரி வரல. எங்க வார்டு வராண்டாதான் வந்துச்சு, ரெண்டு பக்கமும் பெட்டு, எல்லா பெட்டுலேருந்தும் சிஸ்டர் சிஸ்டர்னு குரலு, பெல்லு மேல செவப்பு லைட்டு. நின்னுட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஓட்டம் அவ்ளோதான்.

தூக்கம் கெட்டு உடம்பு கெட்டு, கடைசியில வேலையிலேயும் வந்து நின்னுச்சு. ஏழாம் பெட்டுக்குப் போட வேண்டிய இன்சுலினை எடுத்துக்கிட்டு எட்டாம் பெட்டுக்குப் போயி கையைப் புடிச்சிட்டேன். "சிஸ்டர், எனக்குச் சுகரே கெடையாதே"ன்னு அந்த ஆளு சொன்னதால பொழைச்சாரு, நானும் பொழைச்சேன். எங்க ஹெட் நர்ஸு என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க.

"செண்பகம், இன்னொரு தடவை இது நடந்தா ஒரு உசுரு போயிரும். தூங்கிட்டு வா. தூங்க முடியலேன்னா வராதே."

நான் போயி சங்கத்துல கேட்டேன். சங்கம் என் ஹால்லேயே, என் பாய்லேயே உக்காந்து, என் காப்பியக் குடிச்சிட்டுப் பேசுச்சு. பாவம் சிஸ்டர்னாங்க. இயற்கையை யாரு தடுக்க முடியும்னாங்க. பகல்ல தூங்குற வேலைய விட்டுட்டு ராத்திரி தூங்குற வேலை பாக்கலாமேன்னு ஒரு அம்மா யோசனை சொன்னாங்க. கடைசியில காதுல அடைச்சுக்கிற பஞ்சு ஒரு டப்பா வாங்கிக் கொடுத்து, கை தட்டிட்டுக் கலைஞ்சாங்க.

வீட்டுக்காரருக்கு வார லீவு வந்த அன்னிக்கு மத்தியானம் அவர்கிட்ட சொன்னேன். "என்னங்க, கதவைச் சாத்திருவோம். எனக்கு வேலை போயிரும். வேலை கூட போகட்டும், என் கையால யாராவது செத்துருவாங்க."

அவரு, "வாசல் தேடி வந்தவங்க மூஞ்சியில எப்படிக் கதவைச் சாத்துறது? கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்"னாரு.

"அனுசரிச்சு அனுசரிச்சுத்தான் செவுத்தோட ஒட்டிட்டேன்."

"செண்பகம், நான் கேக்குறதைக் கேளு." என் முன்னால வந்து உக்காந்தாரு. "காலையிலேருந்து நின்னு, வர்ற பொம்பளைங்களுக்கு எல்லாம் சேலையப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுறேன். புடிக்கலேம்பாங்க, மடிக்கிறேன். உக்காரக் கூடாது, செவுத்துல சாயக் கூடாது. இந்த அரை மணி நேரம் ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. இதையும் புடுங்காதே."

எனக்குத் தூக்கம் வேணும், அவருக்கு ஏரி வேணும். ரெண்டும் ஞாயந்தான். எந்திரிச்சுப் போயி அரிசி களைஞ்சேன்.

மறுநாள் காலையில டூட்டி முடிஞ்சு வந்தேன். கதவைத் தெறந்து வச்சேன், பழக்கம். என் பாயை எடுத்தேன். செவுத்தோரமாப் போட்டுப் படுக்கணும்னுதான் எடுத்தேன், சத்தியமா வேற நெனப்பே இல்ல. ஆனா அந்தச் செவுரு எனக்கு மதுரை தூரத்துல தெரிஞ்சுது. கால் மடங்கின இடத்துல, ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல, ஒதுங்கிப் போக ஒரு சாண் எடம் இல்லாத அந்த நிலைவாசல்ல, பாதைக்குக் குறுக்கா விழுந்துட்டேன். கழுத்துல ஐடி கார்டு கூட கழட்டல. இதுக்கு மேல நடந்தது எல்லாம் கீழ் வீட்டு பர்வீன் சொன்னது, அவ பானையில தண்ணி ரொப்ப வந்தவ, நடந்ததை வாயத் தெறந்தபடி பாத்துக்கிட்டு நின்னிருக்கா.

முதல்ல வரதராஜுலு சார் வந்திருக்காரு. வாசல்ல நின்னாரு, ஷூவைக் கழட்டினாரு, நின்னதால ஹால் தெரிஞ்சுது, குறுக்கா நான் கெடக்கிறது தெரிஞ்சுது. அவருக்குப் பின்னால ஒருத்தரு, அவருக்குப் பின்னால இன்னொருத்தருன்னு கையில ஷூவோட வரிசை படிக்கட்டுல இறங்கி, கூழ்க்கடையத் தாண்டி, கேட்டு வரைக்கும் போயிருச்சாம்.

"தாண்டிருவோமா சார்?"

"படுத்திருக்கிற பொம்பளைய எப்படிய்யா தாண்டுறது?"

"அப்ப எழுப்புங்க."

"நீங்க எழுப்புங்களேன்."

யாரும் எழுப்பல, யாரும் தாண்டல. நிக்கிறவங்களுக்கு ஏரி தெரியாதில்லையா, அதனால அத்தனை பேரும் முதல் தடவையா என் வீட்டைப் பாத்திருக்காங்க. சாச்சு வச்ச கட்டிலு, மண்ணேறிப் போன மொசைக்கு, மூலையில ஒதுங்கின டிவி. "இவ்ளோ சின்ன வீடா"ன்னு யாரோ மெதுவாக் கேட்டாங்களாம்.

அப்பதான் என் வீட்டுக்காரரு ஒரு சுத்து முடிச்சு, வெறுங்கால்ல, வேகம் குறையாம வந்திருக்காரு. வரிசை ஒதுங்கி வழி விட்டுச்சு. "மதி சார், நில்லுங்க, நில்லுங்க"ன்னு கத்தியிருக்காங்க. அவருக்கு எங்க கேக்கும், அவருதான் ஏரிக்கரையில இருக்காரே. தினம் ஓரமாக் கெடக்கிற கறுப்புக் கல்லு இன்னிக்குப் பாதைக்குக் குறுக்கா கெடக்குன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. கல்லுதானே, தாண்டிருவோம்னு காலைத் தூக்கிட்டாரு.

கல்லு குறட்டை விட்டுச்சு.

"அண்ணன் அப்படியே நின்னுட்டாருக்கா"ன்னா பர்வீன். "தூக்கின காலைக் கீழ வைக்கல. ஒத்தக் கால்ல, கொக்கு மாதிரி உங்க மேல நின்னாரு. கல்லு எங்கேயாவது குறட்டை விடுமான்னு அவரு வாய் முணுமுணுத்துச்சு. அப்புறம் குனிஞ்சு பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. எல்லாரும் மூச்சு விடாம நிக்கிறோம், அந்தக் காலு உங்களைத் தாண்டி அந்தப் பக்கம் விழுமா, இந்தப் பக்கமே வருமான்னு."

இந்தப் பக்கம்தான் வந்துச்சு. மெதுவா இறக்கி வச்சாரு. வாசலுக்குத் திரும்பி, கையில ஷூவோட நின்ன அத்தனை பெரிய மனுஷங்களையும் பாத்து, கடையில பழகின அதே பணிவான குரல்ல, "மன்னிச்சுக்குங்க, வீட்டுல தூங்குறாங்க"ன்னு சொல்லிட்டு, கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டாரு. பர்வீனும் வெளியிலதான் நின்னா. அதுக்கு மேல என்ன நடந்துச்சுன்னு அவளுக்கே தெரியாது.

பாதை மறுநாளே பார்க்குக்குத் திரும்பிப் போயிருச்சு, அது பாட்டுக்கு வட்டமாக் கெடக்கு. மொசைக்குல மட்டும் லேசா ஒரு செம்மண் கறை, எந்த பவுடர் போட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது. ஊருக்கு என்மேல கோவம். ஏரிய முதல் தடவை தூத்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல, ரெண்டாவது தடவை தூத்தது நான்தான்னு மட்டும் மார்க்கெட்டுல நின்னு பேசுறாங்க. இருந்துட்டுப் போகட்டும். வரதராஜுலு சார் மட்டும் வழியில பாத்தா, "நல்லாத் தூங்குறீங்களா சிஸ்டர்"னு கேட்டுட்டுத்தான் போவாரு.

அன்னிக்கு நான் கண்ணு முழிச்சப்ப வெயில் சாஞ்சிருந்துச்சு. வீடு அவ்ளோ அமைதியா இருந்துச்சு, குழாய் சொட்டுறது கேட்டுச்சு. மேல என்னவோ மெத்துனு இருக்கேன்னு பாத்தா, எப்பவோ நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு எடுத்து, கட்ட நேரமில்லாம பீரோவுல மடிப்புக் கலையாம வச்சிருந்த பச்சைப் பட்டுச்சேலை. யார் யாருக்கோ சேலையப் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுற மனுஷன், எனக்கு ஒண்ணைப் பிரிச்சுப் போத்தி விட்டிருந்தாரு. கழுத்துல ஐடி கார்டைக் காணோம். அவரு கடைக்குப் போகல, நிலையில சாஞ்சு, காலை நீட்டி, என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"எப்ப இவ்ளோ நரைச்சுது உனக்கு?"

"அது ஆச்சு ரொம்ப நாளு. நீங்க கடைக்குப் போகலியா?"

"போகல."

"ஏரி?"

அவரு பால்கனிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. அங்க பக்கத்து பில்டிங் செவுருதான் இருந்துச்சு. அந்த முகத்துல இருந்த வெளிச்சம் அணைஞ்சிருந்துச்சு. "போச்சு"ன்னாரு. அப்புறம், "காலு ரொம்ப வலிக்குது செண்பகம்"னாரு, கல்யாணமாகி வந்ததுலேருந்து அவரு அதை என்கிட்ட சொன்னதே இல்ல.

நான் செவுத்துப் பக்கமா நகந்து பாய்ல எடம் விட்டேன். அவரு வந்து படுத்தாரு, சேலை ரெண்டு பேருக்கும் போதுமா இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கண்ணை மூடி எத்தனை வருஷம் இருக்குங்கன்னு கேட்டேன். பதில் வரல, குறட்டைதான் வந்துச்சு. சரின்னு நானும் தூங்கிட்டேன்.